சுளுக்கும் பனிக்கட்டியும்

1862-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே எல்லைக்கல்லைப்போல் நிற்கும் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் சரிவில் ஓர் ஆங்கில இளைஞர் தன்னந்தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். எட்வர்ட் விம்பர் என்பது அவர் பெயர். வயது 22. புத்தகங்களுக்கு வேண்டிய படங்களை மரக்கட்டையில் செதுக்கித் தருவது அவர் தொழில். ஆல்ப்ஸ் மலைகளைப் படம் வரையப் போன இடத்தில் மலைப் பித்து பிடித்துக்கொண்டது.

பாறை முனை ஒன்றைச் சுற்றி வரும்போது அவருக்குக் கால் வழுக்கிவிட்டது. பனி படிந்த பள்ளத்தில் ஏழெட்டு முறை மோதி எழும்பி, ஏறக்குறைய 200 அடி உருண்டு போனார். இன்னும் 10 அடி உருண்டிருந்தால் 800 அடி கீழே இருந்த பனியாற்றில்தான் போய் விழுந்திருப்பார். தலையில் பட்ட வெட்டுகளிலிருந்து, நாடி துடிக்கும் ஒவ்வொரு முறையும் இரத்தம் பீறிட்டது. ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயத்தை மூடிப் பார்த்தார், நிற்கவில்லை. சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. பனியில் ஒரு பெரிய கட்டியைக் காலால் உதைத்துப் பெயர்த்து, பற்றுப் போடுவதைப்போலத் தலையில் அப்பிக்கொண்டார். இரத்தப் போக்கு தணிந்தது. பத்திரமான ஓர் இடத்துக்கு ஊர்ந்து ஏறியவர் அங்கேயே மயங்கிவிட்டார். நினைவு திரும்பியபோது சூரியன் மறைந்துகொண்டிருந்தது. இருட்டிலேயே தட்டுத்தடுமாறி அடிவாரத்துச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்.

ஊரார் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். காடியாகிப் புளித்துப்போன திராட்சை மதுவைச் சூடாக்கி, அதில் உப்பைக் கலந்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் காயங்களில் தேய்த்தார்கள். காயங்கள் வியக்கத்தக்க விரைவில் ஆறிவிட்டன. சில நாட்களில் அவர் நடமாடத் தொடங்கிவிட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1865 ஜூலை 14 அன்று, அந்தச் சிகரத்தின் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்த எழுவரில் அவரும் ஒருவர்.

காயங்கள் ஆறியது அந்த வைத்தியத்தாலா, அல்லது தம் உடம்பு நல்ல நிலையில் இருந்ததாலா? பின்னாளில் எழுதிய நூலில் விம்பரே இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, விடை சொல்லாமல் போய்விட்டார். நாம் இங்கே பேசப்போகும் பனிக்கட்டி வைத்தியத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். மருத்துவர்கள் அதைக் கேட்கத்தான் வெகு காலம் ஆயிற்று.

உங்கள் காயம் விம்பருடையதைப்போல் பயங்கரமாக இருக்க வேண்டியதில்லை. விடுமுறை நாளில் நண்பர்களோடு ஒரு குன்றில் ஏறி இறங்குகிறீர்கள். கடைசிப் பாறையில் கணுக்கால் பிசகிவிடுகிறது. அல்லது ஒரு பிடியில் விரல் சுண்டிக்கொள்கிறது. எப்படியோ வீடு வந்து சேர்ந்து பார்த்தால் வீக்கம். பாட்டி இருந்தால் தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து சூடாக ஒத்தடம் கொடுப்பார். பள்ளியில் முதலுதவி படித்த தம்பியோ குளிர்பதனப் பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டியை எடுத்து வருவான். யார் சொல்வது சரி?

பழைய வைத்தியர்களும் பனியும்

குளிர்ச்சி வலியை அடக்கும் என்பது புதிய செய்தி அன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களில், மூட்டு வீக்கத்துக்கும் சுளுக்குக்கும் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றும்படி கூறப்பட்டுள்ளது. காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: அளவான மரமரப்பு வலியைப் போக்கும். இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னதில் அந்த ஒரு வரி மட்டும் இன்றுவரை அசையாமல் நிற்கிறது.

17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் மார்க்கோ அவுரேலியோ செவரினோ, கத்தி வைப்பதற்கு முன் அந்த இடத்தில் பனியை வைத்து மரக்கச் செய்தார். அவர் பனியைக் கொத்தாக அள்ளி வைக்கவில்லை; குறுகிய கோடுகளாக வைத்தார். அகலமாக வைத்தால் சதை அழுகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் பார்த்தொலின் என்பவர் 1661-இல் பனியின் மருத்துவப் பயன்களைப் பற்றித் தனி நூலே எழுதி, செவரினோவின் முறையை உலகறியச் செய்தார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் இருநூறு ஆண்டுகள் இருந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பனிக்கோடுகளின் அருமை அப்போது விளங்கும்.

நெப்போலியனின் படை மருத்துவர் லார்ரே கண்டது இன்னும் கடுமையான காட்சி. 1807 பிப்ரவரியில் ஐலோ என்னும் இடத்தில் நடந்த போரின்போது உறைநிலைக்கு வெகு கீழே குளிர் இறங்கியிருந்தது. அந்தக் குளிரில் கை கால்களை அறுத்து எடுத்தபோது வீரர்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவே வலியை உணர்ந்ததை அவர் குறித்துவைத்தார். கூடவே இன்னொன்றையும் கவனித்தார். குளிரில் விறைத்துப்போன கால்களோடு நெருப்பின் அருகே போய் உட்கார்ந்தவர்களுக்குச் சதை அழுகிப்போயிற்று. ஆகவே, விறைத்த உறுப்பைப் பனியால் தேய்த்து மெதுவாகவே சூடேற்ற வேண்டும் என்று அவர் விதித்தார்.

லார்ரே பார்த்தது உண்மை. கொண்ட முடிவு பிழை. மரத்துப்போன கால் நெருப்பின் சூட்டை உணராமல் வெந்துபோனதுதான் அங்கே நடந்த தீங்கு. பெரிய மருத்துவர் சொன்னாராயிற்றே என்று ஒன்றரை நூற்றாண்டு காலம் மலையேறுவோரின் விறைத்த விரல்களைப் பனியால் தேய்த்து மேலும் கெடுத்தார்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் என்ற மருத்துவர், உடம்பின் சூட்டைச் சற்றே ஒத்த வெதுவெதுப்பான நீரில் விரைவாகச் சூடேற்றுவதே நல்லது என்று நோயாளிகளிடம் காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் ஒழியத் தொடங்கியது. பனியும் குளிரும் நிறைந்த மலைக்குப் போய்வந்தவர் இதை மறக்கவே கூடாது. விறைத்து வெளுத்த விரலுக்குப் பனிக்கட்டி மருந்தல்ல, எதிரி.

கப்பலேறி வந்த ஐஸ்

பனி விழும் நாட்டில் பனியை அள்ளிக்கொள்ளலாம். மற்றவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் மருத்துவர் அல்லர், ஒரு வியாபாரி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளின் பனிக்கட்டியை அறுத்து வெப்ப நாடுகளுக்கு விற்கப் புறப்பட்டார். 1806-இல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்கிற்கு அனுப்பிய முதல் சரக்கு நஷ்டத்தில் முடிந்தது. ஊர் சிரித்தது. மனிதர் விடவில்லை. மரத்தூள் பனிக்கட்டியின் மேல் நல்ல போர்வையாகும் என்பதைக் கண்டுகொண்டார். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்ட 'டஸ்கனி' என்ற கப்பல், நான்கு மாதம் கடலில் கிடந்து, வெப்ப மண்டலத்தைக் கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் கரையாமல் மிச்சமிருந்தது!

சென்னைக் கடற்கரைச் சாலையில் திருவல்லிக்கேணிக்கு எதிரே நிற்கும் வட்ட முகப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842-இல் டியூடரின் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கவே அது கட்டப்பட்டது. 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் அதனால் வந்ததுதான். 1897-இல் விவேகானந்தர் தங்கிச் சென்றதால் அது இன்று விவேகானந்தர் இல்லம். அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தாம் குடியிருந்த வால்டன் குளத்தில் டியூடரின் ஆட்கள் பனிக்கட்டி அறுத்ததைக் கண்டு எழுதிய பகுதியில் நம் மதராசின் பெயரும் வருகிறது. ஒரு குளத்து நீர் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது, பாருங்கள்.

இப்படி வந்த பனிக்கட்டி பெரும்பாலும் கனவான்களின் கோப்பைக்குத்தான் போயிற்று. சுளுக்கிய காலுக்கு வைக்கும் அளவுக்கு அது மலிந்த சரக்கல்ல. அதை மலிவாக்கியது இயந்திரம். அந்த இயந்திரத்தின் கதையிலும் ஒரு மருத்துவர் இருக்கிறார். ஃபுளோரிடாவின் அபலாச்சிகோலா ஊரில் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டுமென்று ஜான் கோரி என்பவர் காற்றை அழுத்திப் பின் விரியவிடும் பொறியைச் செய்தார். அதில் பனிக்கட்டி உறைந்தது. 1851-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் பணம் போட ஆளில்லாமல், 1855-இல் நொடித்த நிலையிலேயே இறந்தார். 1870-களில் ஜெர்மானியப் பொறியியலறிஞர் கார்ல் ஃபான் லிண்டே அம்மோனியாவைக் கொண்டு செய்த இயந்திரங்கள் தொழிற்சாலைகளுக்குள் புகுந்தன. கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது. 1920-களில் மின்சாரக் குளிர்பதனப் பெட்டி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் முதல் குளிர்பதனப் பெட்டியைச் செய்தது 1958-இல். அடிபட்டால் சமையலறைக்குப் போய் ஐஸ் எடுக்கும் பழக்கம், ஆக, நம் வீடுகளில் ஓரிரு தலைமுறைப் பழக்கமே.

நான்கு எழுத்து மந்திரம்

1962 மே மாதத்தில் பாஸ்டனுக்கு அருகே ஒரு 12 வயதுச் சிறுவன் ஓடும் சரக்கு ரயிலில் தொற்றப்போய், தோளுக்குக் கீழே வலக்கை துண்டாகிவிட்டது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரொனால்ட் மால்ட் தலைமையிலான மருத்துவர்கள் அந்தக் கையைப் பனிக்கட்டியில் பாதுகாத்து மறுபடியும் உடம்போடு பொருத்தினார்கள். துண்டிக்கப்பட்ட உறுப்பை ஒட்டவைத்து வெற்றி கண்டது உலகில் அதுவே முதல் முறை. செய்தி எங்கும் பரவியது. அதனோடு 'அடிபட்டால் ஐஸ்' என்ற எண்ணமும் பரவியது என்று சொல்வோர் உண்டு. இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். துண்டாகிப்போன கைக்கு இரத்தம் வராது. அதன் உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. குளிர் அவற்றின் பசியைக் குறைத்து நேரம் வாங்கித் தருகிறது. உங்கள் வீங்கிய கணுக்கால் அப்படியா? அதற்கு இரத்தம் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது.

1978-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்க்கின், விளையாட்டு வீரர்களுக்கு எழுதிய நூலில் ஒரு சுருக்கச் சொல்லைத் தந்தார். ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டு, உயர்த்தி வை என்னும் நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரைஸ்' என்று வரும். அதாவது அரிசி! நினைவில் நிற்பதற்கு இதைவிட எளிய சொல் ஏது? பள்ளி மைதானங்களிலும் முதலுதவிப் பெட்டிகளின் மூடியிலும் அது ஏறிவிட்டது. சோதித்துப் பார்த்து நிலைநாட்டப்பட்ட உண்மையைப்போல எல்லோரும் அதை ஒப்பித்தார்கள். உண்மையில் அது ஒரு நல்ல மருத்துவரின் அனுபவ அறிவுரை, அவ்வளவுதான்.

அறிவுரைக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது. 1970-களில் கென்னத் நைட் என்ற ஆராய்ச்சியாளர் அதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். அடிபட்ட இடத்தில் முதலில் சில உயிரணுக்கள் நசுங்கிச் சாகின்றன. பின் வீக்கமும் இரத்த ஓட்டத் தடையும் சேர்ந்து, அடிபடாத அண்டை உயிரணுக்களும் பிராணவாயு இல்லாமல் மடிகின்றன. குளிர்வித்தால் அவற்றின் தேவை குறையும். இரண்டாவது சேதம் குறையும். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் வீக்கத்தை வெறும் தொல்லை என்று இந்தத் தர்க்கம் எடுத்துக்கொள்கிறது. அது சரிதானா?

வீக்கம் பகைவனா, வேலைக்காரனா?

சிவத்தல், வீங்கல், சூடேறல், நோதல் என்று அழற்சியின் நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் பட்டியலிட்டுவிட்டார். அந்த நான்கையும் பார்க்கும் யாருக்கும், இது நோய், அடக்கு என்றுதான் தோன்றும்.

1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ருஷ்ய விலங்கியலறிஞர் மெச்னிக்காஃபுக்கு வேறு விதமாகத் தோன்றியது. கடலில் வாழும் நட்சத்திர மீனின் இளம் உயிரிகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்பு உடையவை. உள்ளே நடப்பதெல்லாம் நுண்நோக்கியில் தெரியும். அவற்றின் உடம்பில் சிறு முட்களைக் குத்திவைத்துவிட்டு அவர் இரவெல்லாம் காத்திருந்தார். காலையில் பார்த்தால், ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் முள்ளைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்திருந்தன. அந்த உயிரிக்கு இரத்தக் குழாயே கிடையாது. ஆகவே, அழற்சி என்பது இரத்தக் குழாய்களில் நேரும் கோளாறு என்ற அக்கால எண்ணம் நிற்கவில்லை. அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை என்று மெச்னிக்காஃப் வாதிட்டார். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் கண்ட 'விழுங்கும் அணுக்கள்' நம் உடம்பிலும் உண்டு. கணுக்கால் பிசகி, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் கொஞ்சம் கிழிந்தால், சில மணி நேரத்தில் அவை அங்கே வந்து சேருகின்றன. செத்த திசுக்களைத் தின்று இடத்தைத் துப்புரவாக்குகின்றன. பிறகு புதிய திசு வளர்வதற்கான வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. வீடு இடிந்த இடத்தில் முதலில் இடிபாட்டை அள்ள ஆள் வர வேண்டும்; அப்புறம்தான் கொத்தனார். ஐஸ் வைத்து நாம் தாமதப்படுத்துவது ஒருவேளை இந்த ஆட்களைத்தானோ?

ஜப்பானில் இதை எலிகளில் சோதித்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வொன்றில், நசுக்கப்பட்ட தசையின்மேல் 20 நிமிடம் ஐஸ் வைக்கப்பட்ட எலிகளுக்கு விழுங்கும் அணுக்கள் வந்து சேர்வதும் தசை வளர்வதும் தாமதமாயின. தழும்புத் திசுவும் கூடுதலாயிற்று. கோபே பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்விலும், கடுமையாகச் சேதமடைந்த சுண்டெலித் தசை ஐஸால் தாமதமாகவே தேறியது. இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் தவறு. அதே பல்கலைக்கழகக் குழுவினர் 2023-இல், தசையிழைகளில் மிகச் சிறு பகுதி மட்டுமே சேதமான எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஐஸ் வைத்தவைதான் நன்றாகத் தேறின! சிறு காயத்தில் துப்புரவு ஆட்கள் அளவுக்கு மீறி வந்து நல்ல திசுவையும் சேர்த்து இடித்துவிடுகிறார்கள் போலும். எலிக்கு உண்மையானது அப்படியே மனிதனுக்கும் உண்மையாக வேண்டும் என்பதில்லை. எலியின் கால் தசையில் சில நிமிடத்தில் இறங்கும் குளிர் மனிதத் தொடையில் இறங்காது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சொல்வது குறைவே. வட அயர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் கணுக்கால் சுளுக்கிய 89 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒரேயடியாக 20 நிமிடம் ஐஸ். மறு பிரிவுக்கு 10 நிமிடம் ஐஸ், 10 நிமிடம் விடுதல், மீண்டும் 10 நிமிடம். விட்டு விட்டு வைத்தவர்களுக்கு முதல் வாரத்தில் நடக்கும்போது வலி குறைவாயிருந்தது. வீக்கத்திலோ காலின் செயலிலோ வேறுபாடு இல்லை. 2012-இல் கணுக்கால் சுளுக்கைப் பற்றிய சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, அந்த நான்கெழுத்து மந்திரம் குணமாதலை விரைவுபடுத்துகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடிவாயிற்று.

மந்திரத்தைத் தந்த மிர்க்கின் என்ன செய்தார் தெரியுமா? 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே எழுதினார். தம் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட புகழ்பெற்ற அறிவுரையை 36 ஆண்டுகள் கழித்துத் திருத்த எத்தனை பேர் முன்வருவார்கள்? அரிசியைக் கண்டுபிடித்ததைவிட இதற்காகவே அவரைப் பாராட்டலாம் என்பது என் எண்ணம். இதற்கிடையில் 2012-இல் வேறு சிலர் 'போலீஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். அதில் ஓய்வுக்குப் பதில், தாங்கக்கூடிய அளவு வேலை கொடு என்றிருந்தது, ஐஸ் நீடித்தது. 2019-இல் கனடாவைச் சேர்ந்த இருவர் 'சமாதானமும் அன்பும்' என்று பொருள்படும் இரு சொற்களைத் தந்தபோது ஐஸுக்கு ஓர் எழுத்துகூட ஒதுக்கப்படவில்லை!

வீட்டில் என்ன செய்வது?

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஐஸின் வேலை எது என்பது தெளிவாகிறது. தோலின் சூடு ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது நரம்புகளில் செய்தி ஓடும் வேகம் குறைகிறது, வலி தணிகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விம்பரின் தலையில் பனிக்கட்டி செய்தது இதுதான். அழுத்தமும் கூடச் சேர்ந்தது. வலி குறைந்தால் தூங்கலாம். காலை மெல்ல அசைக்கலாம். அது சிறிய நன்மை அன்று. ஆனால் கிழிந்த நாரை ஐஸ் தைத்துவிடாது. ஆகவே வலி இருக்கும் முதல் நாள், இரண்டாம் நாள் ஐஸ் வைக்கலாம். வலி இல்லையென்றால் வைக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

எப்படி வைப்பது என்பதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது, தன் சூடு சிறிதும் ஏறாமலேயே, 80 கலோரி வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி சூடேற ஒரு கலோரிதான் வேண்டும். எனவே ஐஸ்போலக் குளிர்ந்த நீரைவிட, உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் பன்மடங்கு வெப்பத்தைக் காலிலிருந்து இழுக்கும். அதோடு, உருகும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போகாது. குளிர்பதனப் பெட்டியின் உறைய வைக்கும் அறையோ -18 டிகிரி அளவில் இருக்கும். அங்கிருந்து அப்போதே எடுத்த கட்டியையோ, கடையில் விற்கும் கூழ்ப் பையையோ வெறும் தோலில் வைத்தால் தோல் உறைந்து புண்ணாகலாம். ஐஸ்கட்டிகளை உடைத்து, கழுவிய பால் உறை போன்ற ஒரு பையில் போட்டு, ஒரு கை நீரும் ஊற்றுங்கள். நீர் இருந்தால் பை காலோடு நன்றாகப் படியும். சூடும் 0 டிகிரியிலேயே நிற்கும். நடுவே ஈரமான மெல்லிய துணி ஒன்று இருக்கட்டும். உலர்ந்த தடித்த துண்டு வைத்தால் குளிர் உள்ளே போகாது.

நேரம்? கணுக்காலுக்கு 10 நிமிடம் வைத்து, 10 நிமிடம் விட்டு, மறுபடி 10 நிமிடம். இதை நாளில் சில தடவை செய்யலாம். இடத்துக்கு இடம் கணக்கு மாறும். தோலுக்கடியிலுள்ள கொழுப்பு ஒரு கம்பளி. 2002-இல் செய்த அளவீட்டில், தொடைத் தசை 7 டிகிரி குளிர்வதற்கு மெலிந்தவர்களுக்கு 8 நிமிடமும் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு 59 நிமிடமும் பிடித்தது. அதற்காகப் பருத்தவர்கள் ஒரு மணி நேரம் ஐஸைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடக்கூடாது. தோலும் நரம்பும் எல்லோருக்கும் ஒன்றுதான். இரத்த ஓட்டம் குறைந்தவர்களும், சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களும், குளிர் பட்டால் விரல் வெளுத்துப் போகிறவர்களும் ஐஸ் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

விரல்களின் கதை தனி. ஐஸ் நீரில் விரலை வைத்தால் முதலில் இரத்தக் குழாய் இறுகிவிடும். சில நிமிடம் சென்றபின் தானே திறந்துகொள்ளும். மறுபடி இறுகும், மறுபடி திறக்கும். 1930-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் லூயிஸ் இந்த ஊசலாட்டத்தை விளக்கினார். குளிர் நீரில் வேலை செய்யும் மீனவரின் விரல்கள் விறைத்துப் போகாமல் காப்பது இதுவே. பாறையேறுவோர் சிலர், இந்த இரத்தப் பாய்ச்சல் விரல் நாரை ஆற்றும் என்று நம்பி நாள்தோறும் விரலைக் குளிர் நீரில் நனைக்கிறார்கள். பாய்ச்சல் உண்மை, அது நாரை ஆற்றுகிறது என்பதற்குச் சான்று காணோம்.

ஐஸ் வைத்து வலி மரத்திருக்கும்போது 'சரியாகிவிட்டது' என்று மறுபடி பாறையில் கால் வைக்காதீர்கள். மரத்த கால் தான் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதைச் சரியாக உணராது. எலும்பு முறிவா என்பதையும் ஐஸ் வைக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் இதற்கு எளிய விதி வகுத்தார்கள். கணுக்காலின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தால், அல்லது நொண்டியபடியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி விளிம்பின் நடுவிலும் உள்பக்க வளைவின் உச்சியிலும் உள்ள எலும்பு மேடுகளுக்கும் இதே சோதனை உண்டு. விரலானால், பிடித்துத் தொங்கும்போது 'டப்' என்ற சத்தம் கேட்டதா என்று நினைத்துப் பாருங்கள். விரலெலும்போடு நாணை ஒட்டிவைத்திருக்கும் வளையம் அறுந்தால் அப்படிக் கேட்கும். பாறையேறுவோரிடம் இந்தக் காயம் மருத்துவ ஏடுகளில் விவரிக்கப்பட்டது 1980-களில்தான். அதைக் கையால் தடவிப் பார்த்து உறுதி செய்வது கடினம். மருத்துவர் மிகையொலிப் படம் எடுத்து, எலும்புக்கும் நாணுக்கும் இடையே விழுந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து சொல்வார்.